ஒல்மெக்கும் மாயாவும்: தாயா, அக்காவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் மாயாவில் தொடங்கி மாயாவிலேயே முடித்துவிடுகிறார்கள். மாயா நகரங்கள் ஓங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சேற்று நிலத்தில் இருபது டன் கல்லை நிமிர்த்தி முகம் செதுக்கிய ஒல்மெக் மக்களைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறை எனக்கு வெகுநாள் உறுத்தல். இரு நாகரிகங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது எழுகிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டில் எது முந்தியது? எங்கே இருந்தன?

முந்தியது ஒல்மெக். மெக்சிகோ வளைகுடாவின் தென்கரையில், இன்றைய வெராகுரூஸ், டபாஸ்கோ மாநிலங்களில், ஆறுகள் பெருகிப் படிந்த தாழ்நிலம் அவர்களுடையது. சான் லொரென்சோ என்று இன்று அழைக்கப்படும் இடம் கி.மு. 1400 வாக்கில் பெரிய ஊராக வளரத் தொடங்கி, கி.மு. 900 வரை தலைமை ஊராக இருந்தது. அதன்பின் லா வெண்டா எழுந்தது; அது கி.மு. 400 அளவில் ஓய்ந்தது.

மாயா நிலம் அதற்குக் கிழக்கே விரிகிறது: யுகடான் தீபகற்பம், சியாபாஸ், குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் மற்றும் எல் சால்வடாரின் மேற்குப் பகுதிகள். மாயாவின் புகழ்பெற்ற செவ்வியல் காலம் கி.பி. 250 முதல் 900 வரை. ஆனால் அவர்கள் கி.பி. 250-ல் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். கி.மு. 1000 அளவிலேயே அந்த நிலத்தில் பெரிய கட்டுமானங்கள் எழுந்துவிட்டன. லா வெண்டா ஓங்கியிருந்த காலம் முழுவதும் பக்கத்து நிலத்தில் மாயா ஊர்களும் வளர்ந்துகொண்டிருந்தன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வருகிற பல பதில்கள் எளிதாகப் புரியும்.

மெசோஅமெரிக்கா என்பது என்ன?

நடு மெக்சிகோவிலிருந்து கோஸ்டாரிகாவின் வடமேற்கு வரை, மக்காச்சோளம், 260 நாள் நாட்காட்டி, ரப்பர் பந்தாட்டம், கொக்கோ பானம் போன்ற பல பழக்கங்களைப் பொதுவாகக் கொண்டிருந்த நிலப்பரப்பு. 1943-ல் பால் கிர்ஷாஃப் என்ற மானிடவியலாளர் வகுத்த பெயர் இது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பெயர் தெரியாது.

'ஒல்மெக்' என்று அவர்களே தங்களை அழைத்துக்கொண்டார்களா?

இல்லை. அது அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழிச் சொல். 'ரப்பர் நாட்டார்' என்று பொருள். லா வெண்டா காடாகி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து அதே கரையில் வாழ்ந்த வேறு மக்களுக்கு அஸ்டெக்குகள் வைத்த பெயரை, இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் பழையவர்கள்மேல் ஏற்றிவிட்டார்கள்.

இரவல் பெயர்தான், ஆனாலும் பொருந்தித்தான் போகிறது. சான் லொரென்சோவுக்கு அருகில் எல் மனாட்டி என்ற ஊற்றில், 1980களின் இறுதியில், சேற்றுக்குள் மரச் சிலைகளும் ரப்பர் பந்துகளும் கெடாமல் கிடைத்தன. காற்றுப் புகாத ஈரமண் அவற்றைக் காத்து வைத்திருந்தது. அவற்றில் பழைய பந்துகள் கி.மு. 1600 அளவிலானவை, உலகிலேயே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ரப்பர் பந்துகள். இன்று தோட்டங்களில் பால் வடிக்கிற பிரேசில் ரப்பர் மரம் அல்ல இது. காஸ்டில்லா என்ற வேறு மரம். அதன் பாலை மட்டும் உறையவிட்டால் காய்ந்து நொறுங்கிவிடும். ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்தால் துள்ளுகிற ரப்பர் ஆகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ரப்பரைப் பதப்படுத்தக் கற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்.

அந்தப் பந்தை வைத்து ஆடும் ஆட்டம் மாயா நகரங்களில் கல் ஆடுகளங்களாக நிலைத்தது. இடுப்பால் அடித்து ஆடுகிற அதன் ஒரு வடிவம் மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பெரிய கல் தலைகள் யாருடையவை?

இதுவரை 17 தலைகள் கிடைத்துள்ளன: சான் லொரென்சோவில் 10, லா வெண்டாவில் 4, ட்ரெஸ் சபோட்டெஸ் பகுதியில் 2, லா கோபாட்டாவில் 1. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 3.4 மீட்டர் வரை உள்ளன. முதல் தலை மண்ணுக்கு வெளியே வந்தது 1862-க்குச் சில ஆண்டுகள் முன்பு. வயலைச் சீர்செய்த ஒருவர், பெரிய இரும்பு அண்டா கவிழ்ந்து கிடப்பதாக முதலில் நினைத்தாராம்.

இவை ஆட்சியாளர்களின் உருவங்கள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. காரணம், எந்த இரண்டு முகங்களும் ஒன்றுபோல் இல்லை. ஒருவர் மெல்லச் சிரிக்கிறார், ஒருவர் உதட்டை இறுக்கியிருக்கிறார். தலையணிகளும் வெவ்வேறு. கடவுளுக்கு ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். தனித்தனி முகம் தனித்தனி மனிதருக்கே உரியது.

கல் வந்த வழியை நினைத்தால்தான் மலைப்பு வருகிறது. எரிமலைக் கல்லான பசால்ட் டுக்ஸ்ட்லா மலைகளிலிருந்து வந்தது. சான் லொரென்சோவுக்கு அங்கிருந்து சுமார் 60 கி.மீ., லா வெண்டாவுக்கு இன்னும் அதிகம். இழுக்க மாடு இல்லை, குதிரை இல்லை. சக்கர வண்டி இல்லை. உலோகக் கருவி இல்லை. கயிறு, மரம், ஆற்றுத் தெப்பம், நூற்றுக்கணக்கான மனிதத் தோள்கள் இவ்வளவுதான். அவ்வளவு ஆட்களைத் திரட்டி, மாதக்கணக்கில் சோறுபோட்டு வேலை வாங்க ஒருவரால் முடிந்தது என்றால், அங்கே அரசு போன்ற ஓர் அமைப்பு இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சில தலைகள் முதலில் தலைகளாகவே செய்யப்படவில்லை. ஆட்சியாளர் அமர்ந்த பெரிய கல் இருக்கையை, பிற்பாடு தலையாகச் செதுக்கியிருப்பதற்கான தடயங்கள் கல்லிலேயே தெரிகின்றன. இறந்த தலைவரின் இருக்கையே அவருடைய நினைவுச்சின்னமாக மாறியது என்று சிலர் கருதுகிறார்கள். இந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; நிரூபிக்க முடியாது என்றாலும்.

முகங்களைப் பார்த்தால் ஆப்பிரிக்கர் போல இருக்கின்றனவே?

அகன்ற மூக்கும் தடித்த உதடும் அந்தக் கரையோர மக்களிடம் இன்றும் காணக்கூடியவை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாக ஒரு பாண்டமோ, ஒரு கருவியோ, ஒரு விதையோ எந்த ஒல்மெக் அகழாய்விலும் கிடைத்ததில்லை. ஒரு மக்கள் தங்கள் கையால் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. இந்தக் கதையை இனியும் பகிராமல் இருந்தால் நல்லது.

நம் புராணங்களில் வரும் மயனுக்கும் மாயாவுக்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. தமிழ் வாசகர்களிடையே இது அடிக்கடி உலவுவதால் சொல்கிறேன். 'மாயா' என்பது யுகடான் பகுதியில் வழங்கிய பெயர். டிக்கால், பலெங்கே, கோபான் நகரங்களின் பழைய மக்கள் எல்லோரும் தங்களை அப்படி ஒரே பெயரால் அழைத்துக்கொண்டதில்லை. அந்தந்த ஊர், அந்தந்த அரசமரபின் பெயரால்தான் கல்வெட்டுகள் பேசுகின்றன. ஒலி ஒற்றுமை ஒன்றை வைத்து இரண்டு பெருங்கடல்களைத் தாண்ட முடியாது.

ஒல்மெக் மாயாவைவிடப் பழையது என்று எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது ஆண்டுச் சண்டை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மாயாவைவிட மூத்தது எதுவும் அங்கே இருக்க முடியாது என்று பல வல்லுநர்கள் உறுதியாக நம்பினார்கள்.

1939-ல் அமெரிக்கத் தொல்லியலாளர் மேத்யூ ஸ்டிர்லிங் ட்ரெஸ் சபோட்டெஸில் ஓர் உடைந்த கல்லைக் கண்டெடுத்தார். 'நினைவுக்கல் சி' என்று அதற்குப் பெயர். பின்புறம் புள்ளியும் கோடுமாக ஒரு தேதி. ஆனால் முதல் எண் இருந்த மேல்துண்டு இல்லை. மீதி எண்களையும் நாளின் பெயரையும் கொண்டு, விடுபட்டது 7-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அவருடைய மனைவி மேரியன் ஸ்டிர்லிங் கணக்கிட்டார். அப்படியென்றால் ஆண்டு கி.மு. 32. மாயா தாழ்நிலத்தில் இதே முறையில் தேதியிட்ட பழைய கல், டிக்காலின் 29-ஆம் நினைவுக்கல், அது கி.பி. 292. முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி! மாயா ஆய்வின் பெரும்புள்ளியான எரிக் தாம்சன் இதை ஏற்க மறுத்து, நீண்ட மறுப்பே எழுதினார்.

மறுபக்கம், 1942-ல் மெக்சிகோவில் நடந்த அறிஞர் கூட்டத்தில் அல்ஃபோன்சோ காசோ, மிகேல் கோவருபியாஸ் ஆகியோர் ஒல்மெக்கே மூத்தது என்று வாதிட்டார்கள். 'தாய்ப் பண்பாடு' என்ற சொல் காசோவின் வழியாகத்தான் வந்தது. 1950களில் லா வெண்டாவின் கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது காலம் கி.மு. முதல் ஆயிரமாண்டுக்குள் போய் நின்றது. வழக்கு அங்கேயே முடிந்தது. 1969-ல் நினைவுக்கல்லின் காணாமற்போன மேல்துண்டும் கிடைத்தது. அதில் இருந்த எண் 7. மேரியன் ஸ்டிர்லிங் போட்ட கணக்கு சரி.

ஆனால் கவனியுங்கள்: கி.மு. 32 என்பது லா வெண்டா ஓய்ந்து மூன்றரை நூற்றாண்டுக்குப் பின். அந்தக் கல் ஒல்மெக்கின் வாரிசுகளுடையது. ஒல்மெக்கின் தொன்மைக்கான வாதம் அவர்களுடையதல்லாத கல்லில் தொடங்கி, அவர்களுடைய அடுப்புக் கரியில் நிலைபெற்றது.

அப்படியானால் ஒல்மெக்தான் மாயாவின் தாயா?

இங்கேதான் நான் ஒரு பக்கம் சாய்கிறேன். அறிஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஓர் அணிக்கு ஒல்மெக் தாய். மற்ற எல்லாம் அவளிடமிருந்து பிறந்தவை. இன்னோர் அணிக்கு எல்லாம் உடன்பிறந்த பண்பாடுகள். ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கியும் கொடுத்தும் வளர்ந்தவை. 2005-ல் மட்பாண்டங்களின் வேதிக் கூறுகளை ஆராய்ந்த ஒரு குழு, சான் லொரென்சோவின் பாண்டங்கள் வெளியூர்களுக்குப் போயின, அங்கிருந்து திரும்பி வரவில்லை என்றது. அதாவது தாய் அணிக்கு ஆதரவு. உடனே மற்ற அணி அந்த முறையையே கேள்வி கேட்டது.

பிறகு மண் பேசத் தொடங்கியது. குவாத்தமாலாவின் சேபால் என்ற மாயா ஊரில் தகேஷி இனோமட்டாவின் குழு தோண்டியபோது, கி.மு. 1000 அளவிலேயே திட்டமிட்ட சடங்கு முற்றம் இருந்தது தெரிந்தது. லா வெண்டா பெரிதாவதற்கு முன்பே! 2020-ல் அதே குழு டபாஸ்கோவில் அகுவாடா ஃபெனிக்ஸ் என்ற இடத்தை அறிவித்தது. மேய்ச்சல் நிலத்தில், கண்ணுக்கு எதுவுமே தெரியாத அளவுக்குப் பரந்த மேடை அது: 1,400 மீட்டர் நீளம், 400 மீட்டர் அகலம், 10 முதல் 15 மீட்டர் உயரம். அதன்மேல் நடந்தவர்கள் அதை இயற்கையான மேடு என்றே எண்ணியிருக்கிறார்கள். வானூர்தியிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நிலத்தை அளந்தபோதுதான் விளிம்புகள் நேர்கோடாகத் தெரிந்தன. கட்டிய காலம் கி.மு. 1000 முதல் 800 வரை. அங்கே அரசரின் பெருஞ்சிலை ஒன்றுகூட இல்லை. கிடைத்தது சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய ஒரு காட்டுப்பன்றி. அவ்வளவு பெரிய வேலையை, அரியணை ஏறிய ஒருவரின் கட்டளை இல்லாமல் மக்கள் கூடிச் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கல் தலைகளைப் பற்றி மேலே நான் எழுதியதோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரே கடலோரச் சமவெளியில் இரு வேறு வழிகள்.

கதை அதோடு முடியவில்லை. 2021-ல் அப்பகுதியில் இப்படிப்பட்ட 478 வளாகங்களை அதே குழு வரைபடத்தில் குறித்தது. அப்போது தெரிந்தது, இருபது ஓரமேடைகள் சூழ்ந்த அதே செவ்வக அமைப்பு அதற்கும் முன்னரே சான் லொரென்சோவில் இருந்தது. ஆக, முன்மாதிரி ஒல்மெக்கிடம். அதைப் பெரிதாக்கி வளர்த்தது கிழக்கு நிலம்.

ஸ்பானிய மொழியில் நடக்கும் இந்த விவாதத்தில் 'எர்மானா' என்ற ஒரே சொல் உடன்பிறந்தவளை எல்லாம் குறிக்கிறது. மூத்தவளா, இளையவளா என்று சொல்வதில்லை. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஒல்மெக் மாயாவின் தாய் அல்ல, அக்கா. முன்னே பிறந்தவள், சிலவற்றைக் கற்றுக்கொடுத்தவள், ஆனால் பெற்றவள் அல்லள். தங்கை அதே வீட்டில் தன் போக்கில் வளர்ந்தாள்.

அக்காவின் நகையைத் தங்கை அணிந்த சான்றே இருக்கிறது. வாஷிங்டனின் டம்பார்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மார்புப் பதக்கம் உள்ளது. முன்பக்கம் ஒல்மெக் முகம். பல நூற்றாண்டு கழித்து அது மாயா கைக்கு வந்து, பின்பக்கத்தில் ஒரு மாயா அரசரின் உருவமும் எழுத்துகளும் கீறப்பட்டிருக்கின்றன. குவாத்தமாலாவின் சான் பர்த்தொலோ ஊரில், கி.மு. 100 அளவிலான சுவரோவியத்தில், மாயாவின் மக்காச்சோளத் தெய்வம் ஒல்மெக் முகச்சாயலோடு நிற்கிறது.

எழுத்தைக் கண்டுபிடித்தது யார்?

ஒல்மெக் காலத்து எழுத்து என்று சொல்லப்படுவது காஸ்காஹால் பலகை: 62 குறிகள் கொண்ட ஒரு கல், 2006-ல் வெளியிடப்பட்டது, கி.மு. 900 அளவிலானது என்கிறார்கள். அகழாய்வில் முறைப்படி கிடைக்காமல், சாலைக்கு மண் எடுத்த குவியலில் கிடைத்ததால் அதன் காலம் குறித்து விவாதம் தொடர்கிறது. பின்வந்த வாரிசுகளின் எழுத்து லா மொஹாரா நினைவுக்கல்லில் நீளமாக உள்ளது. அதன் தேதிகள் கி.பி. 143, 156.

மாயா எழுத்து அப்படி ஐயத்துக்கு இடமானது அல்ல. மனித குலத்தின் பெரும் சாதனைகளில் ஒன்று. அசைகளும் சொற்குறிகளும் கலந்து, பேசியதை அப்படியே எழுதக்கூடியது. 1562-ல் மானி ஊரில் மாயா நூல்களைத் தீயிலிட்ட பாதிரியார் டியேகோ டெ லாண்டாவேதான், அந்த எழுத்துகளின் ஒலிகளைத் தம் குறிப்பில் எழுதியும் வைத்திருந்தார். தாம் எரித்ததற்கான திறவுகோலைத் தாமே விட்டுச்சென்றார். 1952-ல் லெனின்கிராடில் யூரி க்னோரோசோவ் அந்தக் குறிப்பைக் கொண்டே பூட்டைத் திறந்தார். இன்று எஞ்சியிருக்கும் மாயா நூல்கள் நான்கே நான்கு. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

எழுத்தால் வந்த வேறுபாடு பெரிது. ஒல்மெக் அரசர்களின் முகம் தெரியும், பெயர் தெரியாது. பலெங்கேயின் பகால் 12 வயதில் அரியணை ஏறி, கி.பி. 615 முதல் 683 வரை ஆண்டார் என்பது தெரியும்; அவருடைய தாயின் பெயரும் தெரியும். டிக்காலும் கலக்முலும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டதும், 695-ல் டிக்கால் வென்றதும் தெரியும்.

நாட்காட்டியும் சுழியமும் மாயாவுடையவை இல்லையா?

நாள்களை வரிசையாக எண்ணும் நீண்ட கணக்கு மாயா கையில்தான் உச்சம் தொட்டது. ஆனால் பழைய தேதிக் கற்கள் மாயா நிலத்தின் மேற்கு விளிம்பிலும் ஒல்மெக் வாரிசுகளின் நிலத்திலும் கிடைக்கின்றன. சியாபா டெ கோர்சோவில் கி.மு. 36.

கணக்கு எளிது. நினைவுக்கல் சி-யின் தேதி 7.16.6.16.18. ஏழு பக்தூன் (ஒன்றுக்கு 1,44,000 நாள்), பதினாறு கதூன் (7,200), ஆறு தூன் (360), பதினாறு வினால் (20), பதினெட்டு நாள். கூட்டினால் 11,25,698 நாள்கள். கி.மு. 3114 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் கி.மு. 32-ல் வந்து நிற்கும். இந்த இடமதிப்பு முறைக்கு வெற்றிடத்தைக் காட்டும் குறி இன்றியமையாதது. மாயா அதைச் சிப்பி வடிவில் எழுதினார்கள், இந்தியச் சுழியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல்.

2012 டிசம்பரில் மாயா நாட்காட்டிப்படி உலகம் முடியும் என்று பேச்சு பரவியதே? அப்போது 13 பக்தூன் நிறைந்தது, அவ்வளவே. பலெங்கேக் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772-ல் வரப்போகும் ஒரு நாளையே குறிப்பிடுகிறது. உலக முடிவை எதிர்பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

இரண்டும் எப்படி அழிந்தன?

'அழிந்தன' என்ற சொல்லே மாயாவுக்குப் பொருந்தாது. தென் தாழ்நில நகரங்கள்தான் கி.பி. 800-க்கும் 900-க்கும் இடையில் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. கோபானில் 822-ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு பீடத்தில் ஒரு பக்கம் மட்டுமே செதுக்கி முடிந்திருக்கிறது. சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். நீண்ட கணக்கில் பொறித்த கடைசித் தேதி டொனினாவில், 909. யுகடானின் ஓர் ஏரிப் படிவை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, அக்கால வறட்சிகளில் மழை 41 முதல் 54 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. அதோடு ஓயாத போர்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் வடக்கே சிச்சென் இட்சாவும் பின்னர் மாயாபானும் செழித்தன. கடைசித் தனியரசான நோஹ்பெத்தென் ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697-ல்.

ஒல்மெக் ஊர்கள் ஓய்ந்ததற்கு ஆறுகள் தடம் மாறியது, வணிக வழிகள் இடம் மாறியது எனப் பல விளக்கங்கள் உண்டு. ட்ரெஸ் சபோட்டெஸில் வாழ்க்கை அறுபடாமல் தொடர்ந்தது.

அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இருக்கிறார்களா?

மாயா மொழிகள் ஏறக்குறைய முப்பது இன்றும் பேசப்படுகின்றன. குவாத்தமாலாவில் மட்டும் 22. பேசுவோர் பல இலட்சம் பேர். 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகொபெர்த்தா மென்சூ கிச்சே மாயாப் பெண். 'மறைந்துபோன மாயா' என்று எழுதுகிறவர்கள் அவர் முகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒல்மெக் மக்கள் பேசியது மிஹே-சோகே குடும்பத்து மொழியாக இருக்கலாம் என்று 1976-ல் மொழியியலாளர்கள் லைல் கேம்பலும் டெரன்ஸ் காஃப்மனும் முன்மொழிந்தார்கள். அந்தக் குடும்பத்து மொழிகள் வெராகுரூஸ், வஹாகா, சியாபாஸ் மாநிலங்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவர்களின் வாதத்துக்கு வலுவூட்டியது, அண்டை மொழிகளெல்லாம் அதிலிருந்து கடன்வாங்கிய சொற்கள். அவற்றுள் ஒன்று 'ககவ'. சான் லொரென்சோவின் பழைய பாண்டங்களில் அந்தப் பானத்தின் வேதித் தடயம் ஒட்டியிருக்கிறது. மாயாவினர் அதைக் 'ககவ்' என்று தங்கள் கோப்பைகளின் விளிம்பில் எழுதினார்கள். ஸ்பானியர் 'ககாவோ' என்றார்கள். நாம் கடையில் கொக்கோ என்று கேட்டு வாங்குகிறோம்.